வேதி லேசரின் திறன் 30 விழுக்காடு: எதில் 30?

பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது: “ஆக்சிஜன்-அயோடின் வேதி லேசரின் திறன் 30 விழுக்காடு வரை போகும் என்று படித்தேன். அதை இன்னும் உயர்த்த என்னென்ன செய்தார்கள்? அவ்வளவு திறன் இருந்தும் ஏன் கைவிட்டார்கள்? செயல்திட்டத்துக்கு இந்தத் தலைப்பை எடுக்கலாமா?”

தம்பி, சென்னையில் வேதிவினை வேகவியல் படித்தவன் நான். சிங்கப்பூருக்கு வந்தபின் துவாஸ் தொழிற்பேட்டையில் தகடு வெட்டும் லேசர் இயந்திரங்களோடு இருபது ஆண்டுக்கு மேல் மல்லுக்கட்டியிருக்கிறேன். வேதி லேசரை நான் கையால் இயக்கியதில்லை. அதன் வினைகளைத்தான் படித்தேன். வெட்டும் இயந்திரத்தைப் பிரித்து மாட்டியிருக்கிறேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன் என்பதால் நீளமாகவே எழுதுகிறேன், ஒரு கோப்பி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 30. எதில் 30? மின்சாரத்திலா, எரிபொருளின் வெப்பத்திலா? இரண்டிலும் இல்லை. இந்த லேசருக்குச் சக்தி வேதிவினையிலிருந்து வருகிறது: ஒரு குளோரின் மூலக்கூறு வினைபுரிந்து, சக்தி ஏறிய, அதாவது கிளர்வுற்ற, ஓர் ஆக்சிஜன் மூலக்கூறை உண்டாக்குகிறது. அந்த ஆக்சிஜன் தன் சக்தியை ஓர் அயோடின் அணுவுக்குக் கொடுக்கிறது. அயோடின் அதை 1.315 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் ஒளியாக உமிழ்கிறது. ஒரு மோல் குளோரினில் ஒவ்வொரு மூலக்கூறும் தவறாமல் ஒரு ஒளித்துகளாகிவிட்டால் கிடைப்பது 91 கிலோஜூல். அந்த 91தான் இங்கே நூறு. மோலுக்கு 27 கிலோஜூல் ஒளி வந்தால் “வேதித் திறன் 30 விழுக்காடு” என்பார்கள். குளோரினோடு வினைபுரியும் காரத் திரவத்தைக் குளிர்விக்கச் செலவான சக்தியும், கழிவு வாயுவை வெளியே தள்ள ஓடும் பம்பும், குளோரினைத் தயாரித்த ஆலையின் மின்கட்டணமும் இந்தக் கணக்கில் கிடையாது. இதை மனத்தில் வையுங்கள், கடைசியில் இங்கேதான் திரும்பி வருவோம்.

இந்த லேசரின் ஆங்கிலச் சுருக்கப் பெயரைத் (COIL) தமிழில் ‘காயில்’ என்று எழுதலாம். என் வகுப்புத் தோழன் ஒருவன் அதைக் ‘கோயில்’ என்றே படிப்பான். இன்றைக்கும் ஒரு கட்டுரையில் அந்தச் சொல்லைப் பார்த்தால் எனக்கு மணிச் சத்தம்தான் கேட்கிறது.

அது பிறந்தது 1977இல், அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் கர்ட்லாண்ட் விமானப்படைத் தளத்து ஆய்வகத்தில். முதலில் வந்தது சில மில்லிவாட், இன்றைக்கு ஒரு லேசர் சுட்டுக்கோல் தரும் அளவுதான். மில்லிவாட்டிலிருந்து மெகாவாட் வகைக்கு முப்பது ஆண்டில் போனது. அந்த ஏற்றத்தில் பெரும்பங்கு இழப்பை அடைத்ததால் வந்தது. ஆகவே திறனை எப்படி உயர்த்தினார்கள் என்று கேட்பதைவிட எங்கெங்கே ஒழுகியது என்று கேட்டால் பதில் சுலபமாகப் புரியும்.

முதல் ஒழுகல், ஆக்சிஜன் பிறக்கும் இடத்திலேயே. ஹைட்ரஜன் பெராக்சைடும் காரமும் கலந்த குளிர்ந்த திரவத்தோடு குளோரின் வாயு வினைபுரிகிறது. கிளர்வுற்ற ஆக்சிஜன் அந்தத் திரவத்துக்குள் பிறக்கிறது. இதற்குச் சிங்லெட் ஆக்சிஜன் என்று பெயர். இது ஒரு விசித்திரமான பிறவி. வாயுவாகத் தனியே விட்டால், தானாக ஒளிர்ந்து சக்தியை இழக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தண்ணீருக்குள் மாட்டிக்கொண்டாலோ ஏறக்குறைய 4 மைக்ரோவினாடியில் செத்துவிடும். 4 மைக்ரோவினாடியில் ஒரு மூலக்கூறு திரவத்துக்குள் எவ்வளவு தூரம் நகர முடியும்? ஒரு மைக்ரோமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். எனவே மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய தோலில் பிறந்த ஆக்சிஜன் மட்டுமே பிழைத்து வெளியே வரும். ஆழத்தில் பிறந்ததெல்லாம் திரவத்தைச் சூடாக்குவதோடு சரி.

இதைப் புரிந்துகொண்டால், ஆக்சிஜன் உற்பத்திக் கலன்களின் வரலாறு முழுவதும் ஒரே வரியில் அடங்கிவிடும்: குறைந்த இடத்தில் அதிக மேற்பரப்பு. ஆரம்பத்தில் திரவத்துக்குள் குளோரினைக் குமிழியாக விட்டார்கள், மீன்தொட்டியில் காற்று விடுவதுபோல. குமிழி மேலே வரும் நேரத்துக்குள் பாதிச் சக்தி போய்விடும். திரவத் துளிகளும் கூடவே பறந்து வரும். பிறகு வரிசையாக அடுக்கிய தட்டுகளைத் திரவத்தில் பாதி முழுகவிட்டுச் சுழற்றினார்கள். ஒவ்வொரு தட்டின்மீதும் புதிய மெல்லிய படலம் வந்துகொண்டே இருக்கும், அதன்மேல் குளோரின் தடவிப் போகும். 1980களின் இறுதியில் இந்தச் சுழல்தட்டு வகைதான் 40 கிலோவாட் அளவை எட்ட உதவியது. அதற்குப் பிறகு, நூற்றுக்கணக்கான நுண்துளை வழியே திரவத்தை மெல்லிய தாரைகளாகப் பீய்ச்சும் கலன்கள் வந்தன. ரஷ்யாவின் சமாரா நகர ஆய்வாளர்கள் இதில் முன்னோடிகள். சுழலும் பாகம் இல்லை, கலனும் சிறியது, ஆக்சிஜன் அழுத்தமும் கூடுதல். என் பார்வையில், பொறியியல் அழகு என்று இந்தத் துறையில் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இந்தத் தாரைக் கலனைத்தான் சொல்வேன்.

இருட்டறையில் இந்த வினை மங்கிய சிவப்பாக ஒளிரும். இரண்டு சிங்லெட் ஆக்சிஜன்கள் மோதிச் சேர்ந்து ஒரே ஒளித்துகளை விடுவதால் வரும் நிறம் அது. பார்க்க ஆசையாக இருக்கிறது என்று வீட்டில் யாரும் இறங்கிவிட வேண்டாம். குளோரின் நுரையீரலை எரிக்கும் வாயு. வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் செய்கிற காரியமல்ல, கல்லூரி ஆய்வகத்திலும் செய்ய விடமாட்டார்கள்.

இரண்டாவது ஒழுகல் நீராவி. இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ஈரப்பதம் என்றால் என்ன என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூங்கில் கழியில் காயப்போட்ட சட்டை சாயங்காலம்வரை ஈரமாகவே தொங்கும் ஊர் இது. துவாஸில் எங்கள் பட்டறையில் பழைய கார்பன் டையாக்சைடு லேசர் ஒன்று இருந்தது. புதிதாக வந்த ஒரு பையன், ‘நன்றாகக் குளிரட்டும்’ என்று குளிர்நீரை 18 டிகிரிக்கு வைத்துவிட்டான். நம் காற்றின் பனிநிலை, அதாவது நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, பெரும்பாலும் 24ஐ ஒட்டி இருக்கும். அரைமணி நேரத்தில் உள்ளே கண்ணாடிமேல் பனி படிந்து, கற்றை அதைச் சுட்டு, கண்ணாடி போயே போய்விட்டது. அன்றைக்கு அவனை யாரும் திட்டவில்லை. அந்தக் குளிர்கலனில் ஓர் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டாதது எங்கள் தவறு.

வேதி லேசரில் நீராவி செய்யும் கேடு வேறுவிதம். கிளர்வுற்ற அயோடினை ஒரு நீர் மூலக்கூறு மோதினால், ஒளியாக வரவேண்டிய சக்தியை அது பறித்துத் தன் அதிர்வாக்கிக்கொள்ளும். ஆக்சிஜன் திரவத்திலிருந்து வருவதால் நீராவி கூடவே வராமல் இருக்காது. வழி என்ன? திரவத்தைச் சுழியத்துக்குக் கீழே குளிர்விக்க வேண்டும். காரமும் பெராக்சைடும் நிறைந்திருப்பதால் அது உறையாது. மைனஸ் 20 டிகிரி வரை கொண்டுபோவார்கள். குளிரக் குளிர நீராவியின் அழுத்தம் மளமளவென்று இறங்கும். ஆனால் அளவுக்கு மீறிக் குளிர்வித்தால் திரவம் பாகுபோலாகி நுண்துளைகளில் ஓடாது. வினையில் பிறக்கும் பொட்டாசியம் குளோரைடு உப்பு வேறு படிகமாகித் துளையை அடைக்கும். வினையே வெப்பம் உமிழ்வது, ஓட ஓடத் திரவம் சூடாகும், நீராவி மறுபடி ஏறும். இதனால் திரவத்தைச் சுழற்சியில் வைத்துக் குளிர்வித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கோட்பாட்டுக் கட்டுரையில் ‘நீராவியைக் குறைக்கவும்’ என்று இரண்டு சொல்லில் முடிகிற விஷயம், இயந்திரத்தில் ஒரு குளிர்பதனக் கூடமாகவே மாறிவிடும்.

மூன்றாவது, அயோடின். அதை மூலக்கூறாகத்தான் செலுத்துகிறார்கள்; லேசருக்கு வேண்டியதோ தனி அணு. இரண்டு அணுக்களின் பிணைப்பைப் பிரிக்க மோலுக்கு ஏறக்குறைய 149 கிலோஜூல் வேண்டும். ஒரு சிங்லெட் ஆக்சிஜன் கொண்டுவருவது 94. ஒன்று போதாது, குறைந்தது இரண்டு வேண்டும் என்று காகிதத்தில் கணக்கு வரும். நடைமுறையில் ஓர் அயோடின் மூலக்கூறைப் பிரிக்க நான்கு, ஐந்து ஆக்சிஜன்கள் பலியாகின்றன, சில நிலைமைகளில் அதற்கும் மேல். இடையில் பல படிகள், ஒவ்வொரு படியிலும் சேதாரம். அயோடினைக் குறைவாகப் போட்டால் ஆக்சிஜனின் சக்தியை வாங்க ஆள் போதாது. கூடுதலாகப் போட்டால் பிரிப்புச் செலவே விழுங்கிவிடும். ஆக்சிஜன் அளவில் ஒன்றிரண்டு விழுக்காடு அயோடின் என்பதுதான் வழக்கமான சமரசம். முன்கூட்டியே அணுவாக்கிச் செலுத்தினால் என்ன என்று பலர் முயன்றார்கள். செக் நாட்டில் பிராகா ஆய்வாளர்கள் வேறு வேதிவினை வழியாகவே அயோடின் அணுவை உண்டாக்கிப் பார்த்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அதற்கென்று இன்னும் இரண்டு வாயு, இன்னொரு கலன், இன்னொரு குழாய். ஒரு வீட்டில் ஒழுகலை அடைக்க இன்னொரு வீடு கட்டுவதுபோல் ஆகிவிடுகிறது.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்: குளிர்.

ஆக்சிஜனுக்கும் அயோடினுக்கும் இடையே சக்தி ஒருவழியாக மட்டும் ஓடாது. ஆக்சிஜன் அயோடினுக்குக் கொடுக்கும், அயோடின் திருப்பியும் கொடுக்கும். ஆக்சிஜனின் மட்டம் சற்றே உயரம், மோலுக்கு 3.3 கிலோஜூல்தான் வித்தியாசம். அறை வெப்பநிலையில் மூலக்கூறுகளுக்கு இந்தச் சின்ன மேட்டை ஏறுவது பெரிய காரியமில்லை, எனவே திருப்பிக் கொடுப்பதும் தாராளமாக நடக்கும். குளிரில் ஏற முடியாது. வெப்பநிலை இறங்க இறங்கச் சமநிலை அயோடின் பக்கம் சாயும்.

இதை டாக்சிக் கட்டணத்தோடு ஒப்பிடலாம். ஏறி உட்கார்ந்ததும், ஒரு மீட்டர்கூட நகரும் முன்பே தொடக்கக் கட்டணம் விழுந்துவிடும், அல்லவா? அதுபோல லேசர் கற்றை கிளம்பவே, ஆக்சிஜனில் குறிப்பிட்ட ஒரு பங்கு கிளர்வு நிலையில் இருந்தாக வேண்டும். அந்தப் பங்கிலிருந்து ஒரு துளி ஒளியும் நமக்கு வராது. அதற்கு மேலே இருப்பதுதான் நம் பயணத்துக்கு. அறை வெப்பநிலையில் இந்தத் தொடக்கக் கட்டணம் ஏறக்குறைய 15 விழுக்காடு. 150 கெல்வினுக்குக் குளிர்ந்தால் 4.4 விழுக்காடு.

இதை எண்ணில் போட்டால்தான் வீரியம் தெரியும். உதாரணத்துக்கு, ஆக்சிஜனில் 60 விழுக்காடு கிளர்வு நிலையில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அயோடினைப் பிரிப்பதற்கும் நீராவிக்கும் வழிச்சேதத்துக்கும் 15 போகட்டும். அறை வெப்பநிலையில் தொடக்கக் கட்டணம் 15ஐயும் கழித்தால் மிச்சம் 30. குளிர்ந்த ஓட்டத்தில் மிச்சம் 40க்குச் சற்று மேல். குளோரினில் 90 விழுக்காடுதான் வினைபுரிந்தது, ஒளியைக் கற்றையாக்கும் ஆடிகள் 80 விழுக்காட்டைத்தான் வெளியே எடுத்தன என்றும் வைத்தால், முதலாவதில் கிடைப்பது 22 விழுக்காடு, இரண்டாவதில் 29. அதே குளோரின், அதே காரம், அதே அயோடின். குளிர் மட்டும்தான் கூடுதல்.

அந்தக் குளிரை எப்படிக் கொண்டுவந்தார்கள் என்பதுதான் அழகு. குளிர்சாதனம் எதுவும் இல்லை. வாயுவை நாசில் என்னும் குறுகிய குழாய்முனை வழியே மீயொலி வேகத்தில், அதாவது ஒலியைவிட வேகமாக, விரியவிட்டார்கள். விரியும் வாயு தன் வெப்பத்தையே வேகமாக மாற்றிக்கொள்ளும், தானாகக் குளிரும். 1980களின் முற்பகுதியில் மீயொலி வகை வந்தபிறகுதான் இந்த லேசர் ஆய்வக விளையாட்டு என்ற நிலையைத் தாண்டியது. வேகமான ஓட்டம் கழிவு வெப்பத்தையும் கையோடு அள்ளிக்கொண்டு போய்விடுவதால் கற்றையின் தரமும் கூடியது.

இதற்குப் பிறகு மிச்சமிருந்த வேலை பெரும்பாலும் கலப்பு வேலை. அயோடின் தாரை ஆக்சிஜன் ஓட்டத்துக்குள் எவ்வளவு வேகமாக, எவ்வளவு சீராகக் கலக்கிறது என்பது. வாயுவை நீர்த்துவிக்க முதலில் ஹீலியம் பயன்பட்டது. அது விலை கூடியது, எனவே நைட்ரஜனுக்கு மாறப் பார்த்தார்கள், அதற்கேற்ப நாசில்களைத் திருத்தினார்கள். இஸ்ரேலில் பென்-குரியன் பல்கலைக்கழகக் குழு ஒன்று சிறிய ஆய்வக அளவில் 40 விழுக்காட்டை எட்டியது. அது கோட்பாட்டு எல்லைக்குக் கிட்டத்தட்ட அருகில். ஆகவே தம்பி, ‘30ஐ எப்படி உயர்த்துவது’ என்பதற்கு நேரடிப் பதில்: ஏற்கெனவே உயர்த்திவிட்டார்கள், அதற்கு மேல் இயற்கை அதிகம் தராது. கிளர்வுற்ற ஆக்சிஜன் நூற்றுக்கு நூறாகப் பிறந்து ஒன்றுகூட வழியில் சாகாமல் இருந்தால்தான் 90ஐப் பற்றிப் பேசலாம். அது நடக்கிற காரியமில்லை.

ஆடிகளைப் பற்றி இரண்டே வரி. இந்த வாயுவின் ஒளிப்பெருக்கம் மிகக் குறைவு, ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு விழுக்காட்டை ஒட்டித்தான். ஆடி ஒன்றில் அரை விழுக்காடு வீணானாலும் வலிக்கும். மற்றபடி அது ஒளியியல்காரர்களின் தனிக் கதை.

ஹைட்ரஜன் ஃபுளோரைடு லேசரையும் தொடாமல் விட முடியாது, வேதி லேசர் குடும்பத்தில் அது காயிலைவிட மூத்தது. குடும்பத்தின் தலைப்பிள்ளை 1965இல் கலிஃபோர்னியாவின் பெர்க்கிலியில் காஸ்பரும் பிமெண்டலும் செய்து காட்டிய ஹைட்ரஜன் குளோரைடு லேசர். வினையில் பிறக்கும் மூலக்கூறு அதிர்ந்துகொண்டே பிறக்கிறது, அந்த அதிர்விலிருந்து லேசர் எடுக்கலாம் என்று அதற்கு முன்பே முன்மொழிந்தவர் ஜான் போலானி. 1986இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். ஃபுளோரின் அணுவும் ஹைட்ரஜனும் சேரும்போது வெளிவரும் சக்தியில் பெரும்பங்கு நேரே அதிர்வுக்குப் போகிறது. இயற்கையின் பெரிய சலுகை அது.

சலுகைக்குப் பக்கத்திலேயே வரி. கிளர்வுற்ற ஹைட்ரஜன் ஃபுளோரைடின் சக்தியைக் கெடுப்பதில் முதல் எதிரி ஹைட்ரஜன் ஃபுளோரைடேதான். வினை முன்னேற முன்னேறத் தன் குழந்தையைத் தானே தின்கிறது. எனவே அழுத்தத்தைக் குறைவாக வைத்து, மீயொலி வேகத்தில் ஓட்டி, கெடுவதற்குள் ஒளியை எடுத்துவிட வேண்டும். ஃபுளோரினை அணுவாக்க எரிபொருள் ஒரு பகுதியை முன்கூட்டியே எரித்துச் சூடாக்குவார்கள். அந்தச் செலவு ஒளியாக வராது. அலைநீளத்திலும் தொல்லை. 2.6 முதல் 3 மைக்ரோமீட்டர் வரையிலான அதன் ஒளியைக் காற்றிலுள்ள நீராவி குடித்துவிடும். நம் ஊர்க் காற்றில் அது எத்தனை தூரம் போகும் என்று யோசித்தாலே சிரிப்பு வரும். ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வகையான டியூட்டிரியம் போட்டால் அலைநீளம் 3.6 முதல் 4.2க்கு நகர்ந்து, காற்று ஓரளவு வழிவிடும். 1980இல் இயங்கத் தொடங்கிய அமெரிக்காவின் ‘மிராக்கில்’ அப்படிப்பட்ட மெகாவாட் வகை லேசர்தான்.

தொடர்ந்து இல்லாமல் விட்டுவிட்டுத் துடிப்புகளாக இயங்கும் ஹைட்ரஜன் ஃபுளோரைடு லேசர்களில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு மின்துடிப்பு தொடங்கிவைக்கும், பிறகு வினை சங்கிலியாகத் தானே ஓடும். வெளிவந்த ஒளியைச் செலவான மின்சாரத்தால் வகுத்தால் மின்திறன் 100 விழுக்காட்டைத் தாண்டும்! பொய் இல்லை, மந்திரமும் இல்லை. ஃபுளோரினில் இருந்த சக்தியைக் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். எதில் நூறு என்று ஆரம்பத்தில் கேட்டேனே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

சரி, ஏன் கைவிட்டார்கள்? இங்கேதான் நூறை மாற்றிப் பார்க்க வேண்டும்.

முதலில் எடையை நூறாக வையுங்கள். 30 விழுக்காடு வேதித் திறனில் ஒரு மெகாவாட் ஒளி வேண்டுமானால் வினாடிக்கு ஏறக்குறைய 37 மோல் குளோரின் வேண்டும், அதாவது 2.6 கிலோ. அதோடு வினைபுரியும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடையும் பெராக்சைடையும் வினைச் சமன்பாட்டின்படி சேர்த்தால் வினாடிக்கு 8 கிலோ. கரைக்கும் தண்ணீர், நீர்த்துவிக்கும் வாயு, அயோடின், குளிர்பதனம் எல்லாம் தனி. 30ஐ 40 ஆக்கினால் அந்த 8 கிலோ 6 ஆகும். நல்லதுதான், ஆனால் கதையை மாற்றாது.

அடுத்து, கழிவு. லேசர் அறைக்குள் அழுத்தம் வளிமண்டலத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான். அங்கிருந்து வாயுவை வெளிக்காற்றுக்குத் தள்ளுவது, பள்ளத்திலிருந்து நீரை இறைப்பதுபோல. இறைப்புக் கருவிதான் பல அமைப்புகளில் லேசரைவிடப் பெரியது. அமெரிக்கா இதை போயிங் 747 விமானத்தில் ஏற்றியபோது இந்தத் தொல்லை கொஞ்சம் குறைந்தது, ஏனென்றால் 12 கிலோமீட்டர் உயரத்தில் வெளியழுத்தமே தரையில் உள்ளதில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆறு லேசர் கூறுகளைச் சுமந்த அந்த விமானம் 2010 பிப்ரவரியில் கலிஃபோர்னியக் கடலோரம் ஓர் ஏவுகணையைச் சுட்டு வீழ்த்தியது. அடுத்த ஆண்டே திட்டம் முடிக்கப்பட்டது, 2014இல் விமானத்தை உடைத்தார்கள். அதற்கு முன்பே, தற்காப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ், இதைவிட 20 முதல் 30 மடங்கு ஆற்றல் கொண்ட லேசர் இருந்தால்தான் பயன் என்று சொல்லியிருந்தார். இருபது மடங்கை எந்த நாசிலும் தராது. வேதித் திறன் அவர்கள் தோற்ற இடமல்ல.

மூன்றாவதாக, மின்சாரத்தை நூறாக வையுங்கள். குளோரினும் காரமும் உப்புக் கரைசலை மின்பகுத்துத்தான் கிடைக்கின்றன. ஒரு கிலோ குளோரினுக்கு, கூடவே கிடைக்கும் காரத்தையும் சேர்த்து, சுமார் 2.4 கிலோவாட்-மணி ஆகும். ஒரு மோலுக்குக் கணக்கிட்டால் 610 கிலோஜூலை ஒட்டி வரும். திரும்பக் கிடைக்கும் ஒளி 27. பெராக்சைடு தயாரிப்பையும் குளிர்விப்பையும் சேர்க்காமலேயே திறன் நான்கரை விழுக்காட்டைத் தாண்டாது. எங்கள் பட்டறையில் இப்போது ஓடும் ஃபைபர் லேசர் சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் 40 விழுக்காட்டை ஒளியாகத் தருகிறது. முன்பு இருந்த கார்பன் டையாக்சைடு இயந்திரம் 10ஐத் தொட்டாலே பெரிது. ‘நம் மின்சாரமே இயற்கை எரிவாயுவில் வருவது, அங்கே பாதி போகிறதே’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எரிவாயுவின் வெப்பத்தை நூறாக வைத்தால் ஃபைபரின் 40 ஏறக்குறைய 20 ஆகும். அதே அளவுகோலை வேதி லேசருக்கும் வைத்தால் அதன் நான்கரை, இரண்டேகால் ஆகும். இடைவெளி அப்படியே இருக்கிறது.

வேதி லேசருக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 1.315 மைக்ரோமீட்டர் ஒளி சாதாரண கண்ணாடி இழை வழியே அதிக இழப்பில்லாமல் போகும். ஆடி இருக்கும் இடம் வேறு, வெட்டும் இடம் வேறாக இருக்கலாம். மூடப்பட்ட அணுமின் நிலையங்களைத் தூரத்தில் நின்று துண்டுபோட இது உதவும் என்று ஜப்பானில் நீண்ட நாள் ஆய்வு நடந்தது. அதே இழைக்குள்ளேயே லேசரைப் பிறப்பிக்கும் ஃபைபர் லேசர் மலிந்தபிறகு அந்த வாதமும் வலுவிழந்தது.

திரவமே வேண்டாம் என்று போனவர்களும் உண்டு. முழுக்க வாயுவிலேயே நடக்கும் வகையை 2000இல் அதே கர்ட்லாண்டில் செய்து காட்டினார்கள். மின்னிறக்கத்தால், அதாவது வாயு வழியே மின்சாரம் பாய்ச்சி, சிங்லெட் ஆக்சிஜன் தயாரித்து 2005இல் இலினோய் குழு லேசர் எடுத்தது. மின்னிறக்கத்தில் கிளர்வுப் பங்கு 10 முதல் 20 விழுக்காடு அளவுக்குத்தான் வரும். அறை வெப்பநிலையின் தொடக்கக் கட்டணம் 15 என்று பார்த்தோமே! குளிர்ந்த மீயொலி ஓட்டம் இல்லாமல் அந்த லேசர் கண்ணே திறந்திருக்காது. வேதி லேசரில் கற்ற பாடம் வேறு வீட்டுக்குக் குடிபோனது இப்படித்தான். அந்த ஆய்வாளர்களில் பலர் பிறகு டையோடால் இயங்கும் கார உலோக ஆவி லேசர்களுக்குப் போனார்கள். அங்கேயும் வாயு ஓட்டம், வெப்பம், மோதல் என்று பழைய கணக்குகளே பயன்படுகின்றன.

செயல்திட்டத்துக்கு எடுக்கலாமா என்றீர்கள். எடுக்கலாம், ஆனால் ‘திறனை உயர்த்தும் புதிய வழி’ என்று தலைப்பு வைக்காதீர்கள். அதை இரண்டு தலைமுறை செய்து பார்த்துவிட்டது, நம்மிடம் ஆய்வுக் கருவியும் இல்லை. கணக்காக எடுங்கள். ஒரே லேசருக்கு நான்கு நூறுகளை வைத்து நான்கு திறன் கணக்கிட்டு, ஒரே படத்தில் போடுங்கள். மதிப்பீட்டாளர் அங்கே நிமிர்ந்து உட்காருவார்.

வெப்பநிலைக்கும் தொடக்கக் கட்டணத்துக்குமான வரைபடத்தை முதலில் போடுங்கள், ஒரு மாலைப்பொழுது போதும். 401ஐ வெப்பநிலையால் வகுத்து, எக்ஸ்பொனென்ஷியல் எடுத்து, 0.75ஆல் பெருக்கினால் சமநிலை மாறிலி. அதை இரட்டித்து ஒன்று கூட்டி, ஒன்றை அதனால் வகுத்தால் தொடக்கப் பங்கு. 295க்கு 14.6, 200க்கு 8.2, 150க்கு 4.4 விழுக்காடு என்று வரவேண்டும். கடைசிப் புள்ளியில் 95 வந்தால் பயப்பட வேண்டாம், கெல்வின் கேட்கும் இடத்தில் செல்சியஸைப் போட்டிருக்கிறீர்கள்.